நூறு ரூபாயில் மிச்சம் எத்தனை? சீனாவும் நாமும்

கரிசல் காட்டு மக்களுக்குச் சேமிப்பைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழை என்பது விருந்தாளி மாதிரி. எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் அதிக நாள் தங்காது. குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாளை விட மணல் காய்கிற நாள்தான் அதிகம். ஆகவே இந்தச் சீமைப் பெண்கள் இரண்டு கணக்குப் போட்டே குடும்பம் நடத்தினார்கள். இன்று உலையில் போடுவது எவ்வளவு? நாளைக்குக் குலுக்கையில் கிடப்பது எவ்வளவு?

குலுக்கையை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மண்ணால் செய்த உயரமான தானியக் கூடு அது. மேலே தானியத்தைக் கொட்டுவார்கள். கீழே ஒரு துவாரம் இருக்கும். அதைத் திறந்து, வேண்டிய அளவு மட்டும் எடுப்பார்கள். கம்பும் சோளமும் அதில் கிடக்கும். அது கிடக்கிற வரையில் வீட்டில் தைரியம் இருக்கும்.

ஒரு தேசத்துக்கும் இப்படி ஒரு குலுக்கை உண்டு. அதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் "மொத்த தேசிய சேமிப்பு". பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். விஷயம் சுலபம்.

கணக்கு என்ன?

ஒரு வருஷத்தில் நாட்டு மக்கள் எல்லோரும் சேர்ந்து சம்பாதித்தது எவ்வளவு என்று கூட்டுகிறார்கள். தறி நெய்தவர், மல்லிகைப் பூ பறித்தவர், கரிமூட்டம் போட்டவர், ஆபீசில் வேலை பார்த்தவர், மில் நடத்தியவர் எல்லோருடைய வருமானமும் அதில் சேரும். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு அனுப்பும் பணமும் சேரும். அதிலிருந்து சாப்பாடு, துணிமணி, வைத்தியம், பஸ் கட்டணம் முதலிய செலவுகளைக் கழிக்கிறார்கள். சர்க்கார் நடத்துகிற செலவையும் கழிக்கிறார்கள். மீதி நிற்பதுதான் தேசத்தின் சேமிப்பு.

"மொத்த" என்ற சொல்லுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. தறி ஓட ஓடத் தேய்கிறது. என்றாவது ஒரு நாள் புதுத் தறி வாங்கியாக வேண்டும். அந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் சொல்வது "மொத்தம்". கழித்துச் சொன்னால் "நிகரம்".

பெரிய நாட்டையும் சின்ன நாட்டையும் ஒப்பிட வேண்டுமே, அதற்காக நூற்றுக்கு எத்தனை என்று சொல்வார்கள். அதாவது நாட்டின் வருமானம் 100 ரூபாய் என்றால் அதில் மிச்சம் பிடித்தது எத்தனை ரூபாய்?

நம் நாட்டுக்கு இன்று அது சுமார் 30 ரூபாய். சீனாவுக்கு 40 ரூபாய்க்குச் சற்று மேல். 2008-ஐ ஒட்டிய வருஷங்களில் சீனா 50 ரூபாய்க்கு மேலே மிச்சம் பிடித்தது! நூறு சம்பாதித்து ஐம்பதைச் சேமித்த பெரிய நாடு உலகில் அபூர்வம்.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா! சீனாக்காரன் சிக்கனக்காரன். நாம் ஊதாரி" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். மேடைகளிலும் இப்படிப் பேசக் கேட்கிறோம். இந்தப் பேச்சு நமக்குச் சம்மதமில்லை. ஏன் என்று சொல்லுகிறோம்.

பட்டினி வருஷத்தின் சேமிப்பு

1959-ம் வருஷம் சீனா தன் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 40-க்கு மேல் எடுத்து வைத்தது. சர்க்கார் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. இரும்பு உருக்க வேண்டும், ஆலைகள் கட்ட வேண்டும் என்று ஒரே வேகம். விவசாயிகளிடமிருந்து தானியத்தைச் சர்க்கார் கொள்முதல் செய்துகொண்டே இருந்தது. விளைச்சல் பெருகிவிட்டது என்று கீழே உள்ள அதிகாரிகள் பொய்க் கணக்கு எழுதி அனுப்பினார்கள். பொய்க் கணக்குக்கு ஏற்றபடி தானியம் கேட்கப்பட்டது.

விளைவு என்ன? அதே 1959-ல் பஞ்சம் வந்துவிட்டது. 1961 வரை நீடித்தது. இறந்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர் என்று சிலரும், நாலரைக் கோடிப் பேர் என்று சிலரும் மதிப்பிடுகிறார்கள். குறைந்த மதிப்பை எடுத்துக்கொண்டாலும் நெஞ்சு பதறுகிறது.

காகிதத்தில் பார்த்தால் அது "அதிக சேமிப்பு" வருஷம். குலுக்கை நிறைந்திருந்தது, வீட்டில் உலை கொதிக்கவில்லை. நம் சீமைக்கும் இது புரியாத விஷயம் அல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டு மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே, சேமிப்பு எண்ணைப் பார்த்ததும் கை தட்டக் கூடாது. யார் வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

நாம் ஏறிய ஏணி

சுதந்திரம் வந்த புதிதில், 1950-51-ல், நம் தேசம் 100 ரூபாயில் 10 ரூபாய் கூட மிச்சம் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆர்தர் லூயிஸ் என்ற பொருளாதார அறிஞர் இருந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்தவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்றார். நாலோ ஐந்தோ மிச்சம் பிடிக்கிற ஏழை நாடு எப்படிப் பன்னிரண்டு, பதினைந்து மிச்சம் பிடிக்கும் நாடாக மாறுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி என்று அவர் 1954-ல் எழுதினார்.

நாம் மாறினோம். மெல்ல மெல்ல மாறினோம். 1969-ல் 14 பெரிய பாங்குகள் தேச உடைமை ஆயின. பட்டணத்தை விட்டு வெளியே வராத பாங்கு, கிராமச் சாலைக்கு வந்தது. 1980 வாக்கில் நம் சேமிப்பு 20-ஐ நெருங்கியது. 2007-08-ல் 36, 37 என்ற உயரத்துக்குப் போயிற்று. பிறகு சற்று இறங்கி 30 அளவில் நிற்கிறது. (கணக்குப் போடும் முறை இடையில் மாறியிருக்கிறது. ஒன்றிரண்டு புள்ளி முன்பின் இருக்கலாம்.)

சேமித்த பணம் என்ன ஆகும்? பாதையாகும், பாலமாகும், மின்சார நிலையமாகும். விருதுநகரிலிருந்து மானாமதுரைக்கு ரயில் பாதை நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாகத்தான் போகிறது. 1960-களில் போட்ட பாதை. 2013-ல் அகலப் பாதை ஆயிற்று. இப்படிப்பட்ட வேலைகளுக்குச் சர்க்காரிடம் பணம் வருவது இரண்டு வழியில். ஒன்று, வரி. மற்றொன்று, மக்கள் தபால் ஆபீசிலும் பாங்கிலும் போட்டு வைத்த பணத்தைக் கடனாக வாங்குவது. நம் பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணம் தண்டவாளம் ஆகாது. பாஸ் புத்தகத்தில் ஏறிய பணம் ஆகும்.

சீனாவில் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. 1980 வாக்கில் அந்த நாட்டு மனிதரின் வருமானமும் நம் வருமானமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்போதே அவர்கள் 35 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்தார்கள். நாமோ அதில் பாதிதான். இன்று அவர்கள் வருமானம் நம்மைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதிவேக ரயில் பாதை மட்டும் 40,000 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். இதை மறுக்க முடியாது. மறுப்பதும் சரியல்ல.

பயத்தினால் வந்த சிக்கனம்

ஆனால் அந்த 50 ரூபாய் எப்படிச் சேர்ந்தது?

முதலில், அதில் சுமார் பாதிதான் குடும்பங்களின் சேமிப்பு. மற்றது ஆலைகளும் சர்க்காரும் வைத்திருந்தது. ஆலை சம்பாதித்ததில் தொழிலாளிக்குப் போன பங்கு குறைவு. இன்றும் சீனாவின் 100 ரூபாய் உற்பத்தியில் குடும்பங்கள் வாங்கி அனுபவிப்பது 40 ரூபாய் அளவுதான். நம் நாட்டில் அது சுமார் 60 ரூபாய்.

அடுத்து, குடும்பங்கள் சேர்த்ததற்குக் காரணம் பெரும்பாலும் பயம். முன்பெல்லாம் சர்க்கார் ஆலையில் வேலை கிடைத்தால் வீடு, வைத்தியம், பென்ஷன் எல்லாம் ஆலையே கொடுத்தது. 1990-களின் கடைசியில் நஷ்டத்தில் ஓடிய ஆலைகளை மூடினார்கள். இரண்டு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். நோய் வந்தால் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளைதான் என்று 1980-ல் சட்டம் வந்திருந்தது. 2015 வரை அது இருந்தது. ஒரே பிள்ளை, நான்கு கிழவர்களைத் தாங்குமா? ஆகவே முதுமைக்கென்று தாங்களே சேர்த்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. அங்கே பெண் குழந்தைகள் பிறப்பது குறைந்து போயிற்று. பையன்களுக்குப் பெண் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. சொந்த வீடு இருந்தால்தான் பெண் கொடுப்பார்கள். பையனைப் பெற்றவர்கள் வயிற்றைக் கட்டி வீட்டுக்குப் பணம் சேர்த்தார்கள். நம் ஊரில் பெண்ணைப் பெற்றவர் நகைக்குச் சேர்க்கிறார். அங்கே பையனைப் பெற்றவர் வீட்டுக்குச் சேர்க்கிறார். திசைதான் வேறு. பெற்றவர்களின் தூக்கம் கெடுவது இரண்டு இடத்திலும் ஒன்றே.

அப்படிச் சேர்த்த பணமும் பத்திரமாக இருந்ததா? 2021 முதல் பெரிய பெரிய கட்டட நிறுவனங்கள் கடன் கட்ட முடியாமல் தடுமாறின. பணம் கொடுத்தவர்களுக்கு வீடு வரவில்லை. பாதியில் நின்ற அடுக்குமாடிகளைப் பார்த்துவிட்டு, 2022-ல் பல ஊர்களில் ஜனங்கள் வீட்டுக் கடன் தவணை கட்ட மாட்டோம் என்று சொன்னார்கள். நம் பாஷையில் சொல்வதானால், கண்மாய் நிறைந்தது. மடை உடைந்து தண்ணீர் வீண் காட்டில் பாய்ந்தது.

மொய் நோட்டும் நகையும்

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

"அப்பத்தா, நாம சேத்து வைக்கிறோமா?" என்று பேரன் கேட்டால், அப்பத்தா என்ன பதில் சொல்வாள்? "ஏன்யா சேக்கல? காதுல கெடக்கிறது என்ன? ஊரு பூராவும் நம்ம மொய் கெடக்கு. ரோட்டோரம் ரெண்டு சென்ட் எடமும் வாங்கிப் போட்ருக்கு" என்பாள். குடும்பக் கணக்கில் இது சரியான பதில். தேசக் கணக்கில் வேறு மாதிரி.

மொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். விசேஷ வீட்டில் 500 ரூபாய் எழுதுகிறோம். நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வருகிறது. ஆபத்துக்கு உதவும் நல்ல வழக்கம். ஆனால் ஒரு வீட்டுப் பணம் மற்றொரு வீட்டுக்குப் போயிற்று, அவ்வளவுதான். தேசத்தின் குலுக்கையில் ஒரு மணி கூடவில்லை. மனை வாங்கினாலும் அப்படியே. விற்றவரிடம் பணம், வாங்கியவரிடம் மண். பழைய மண்தான்! அதில் வீடு கட்டினால் கணக்கு மாறும். செங்கலும் கம்பியும் கொத்தனார் உழைப்பும் புதிதாக ஒன்றை உண்டாக்குகின்றன.

நகை விஷயம் சிக்கலானது. நம் தேசக் கணக்கில் இப்போது பொன் வெள்ளி நகைகளைச் சேமிப்பில் ஒரு தனி வரியாகக் காட்டுகிறார்கள். ஆனால் நம் தங்கத்தில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. வருஷத்துக்குப் பல நூறு டன் வருகிறது. அதற்கு ஈடாகப் பணம் கடல் தாண்டிப் போகிறது. அந்தப் பணத்தில் இங்கே ஒரு தறி கூட ஓடாது.

அதற்காக, "தங்கம் வாங்காதே" என்று அப்பத்தாவுக்குப் புத்தி சொல்ல நமக்குத் துணிச்சல் இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு வருஷம் ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். அந்த மாதிரி வருஷத்தில் நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமானால் கழுத்தில் கிடப்பதுதான் கை கொடுக்கிறது. 1990-களில் அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் பல, தமிழ்நாட்டில் ஒரே இரவில் கதவை மூடின. அதைப் பார்த்தவர்கள் தங்கத்தை நம்பினால் அவர்கள் மேல் குற்றமா?

கவலைப்பட வேண்டிய எண்

நாம் கவலைப்படுவது வேறு ஓர் எண்ணுக்கு.

நம் தேசச் சேமிப்பில் பத்தில் ஆறு பங்கு குடும்பங்களுடையது. சர்க்கார் மிச்சம் பிடிப்பது அபூர்வம். அது பெரும்பாலும் கடன் வாங்கியே நடக்கிறது. நூறு ரூபாய்க்கு முப்பது என்கிற பெருமையின் பெரும்பகுதி அப்பத்தாக்களைச் சேர்ந்தது. அந்தக் குடும்பங்கள் பாங்கு, தபால் ஆபீஸ், இன்ஷூரன்ஸ் முதலியவற்றில் போட்டதிலிருந்து, அவர்கள் வாங்கிய கடனைக் கழித்துப் பார்த்தால் 2022-23-ல் மிஞ்சியது, நாட்டு வருமானம் நூற்றில் 5 ரூபாய் அளவே. ஏறத்தாழ 50 வருஷங்களில் இவ்வளவு தாழ்ந்ததில்லை என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு முன், கொரோனா காலத்தில், அது 11-க்கு மேல் இருந்தது.

ஜனங்கள் பணம் போடுவதை நிறுத்திவிடவில்லை. கடன் ஏறிவிட்டது. சிலர் வீடு கட்டக் கடன் வாங்கினார்கள். அது பொருளாக நிற்கிறது, நல்லது. ஆனால் நகைக்கடனும், வாசலில் வந்து கொடுக்கும் வாரத் தவணைக் கடனும், செல்போனில் விரல் பட்டதும் கிடைக்கும் கடனும் சேர்ந்தே ஏறின. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குகிற வீட்டில் சேமிப்பு எங்கே இருக்கும்? கடன் வசூலில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்க 2025-ல் தமிழகச் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. நல்ல காரியம். ஆனால் மிரட்டுகிறவனைத் தடுப்பது ஒன்று. நியாய வட்டிக்குக் கடன் கிடைக்கச் செய்வது வேறு ஒன்று. இரண்டாவது இன்னும் பாக்கி இருக்கிறது.

பிடி அரிசி நடத்திய பள்ளிக்கூடம்

பக்கத்து விருதுநகரில் 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலை என்ற பள்ளிக்கூடம் ஏற்பட்டது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. வீட்டுக்கு வீடு, உலையில் அரிசி போடுமுன் பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்த அரிசியை விற்ற பணம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சிவகாசி முதலிய ஊர்களின் வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று "மகமை" எடுத்து வைத்தார்கள். அதில் பேட்டையும் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன.

அந்தப் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஏன் நம்பிக் கொடுத்தார்கள்? பள்ளிக்கூடம் கண்ணுக்கு முன்னால் நின்றது. தங்கள் பிள்ளை அதில் படித்தான். கணக்கை ஊரார் பார்த்தார்கள். பயத்தினால் சேர்த்தது அல்ல அது. சீனாவின் 50 ரூபாயை விட இந்த ஒரு பிடியிடம் நமக்கு மதிப்பு அதிகம்.

இன்று சர்க்கார் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. வைத்தியச் செலவு என்கிற பயம் குறைந்தால், ஆபத்துக்கென்று முடங்கிக் கிடக்கும் பணம் வெளியே வரும். 2009 முதல் தமிழ்நாட்டில் ஏழைகளுக்குச் சர்க்கார் காப்பீடு இருக்கிறது. 2022-ல் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். முன்பு பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்கு ஓட வேண்டும். ஓட்டம் இன்னும் குறைய வேண்டுமானால், திருச்சுழி, நரிக்குடி போன்ற இடங்களின் ஆஸ்பத்திரிகளில் இரவிலும் டாக்டர் இருக்க வேண்டும். இதைச் சேமிப்புத் திட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாம் சொல்கிறோம்.

மற்றொன்று, பணம் போடுகிற இடம். பாங்குக்குப் போய் வர ஒரு நாள் கூலி போய்விட்டால், 50 ரூபாய் போட எவரும் போகமாட்டார்கள். 2018 முதல் தபால்காரர் கையில் கருவியோடு வீட்டு வாசலுக்கு வந்து பணம் கொடுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. பென்ஷன் வாங்கும் கிழவிகளுக்கு இது பெரிய உதவி. தபால் பாங்குக் கணக்கு இருந்தால், அதே தபால்காரரிடம் பணத்தைக் கட்டவும் செய்யலாம். பணம் எடுக்க மட்டும் அவரைத் தேடுகிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தபால் இலாகாவும் ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு கிராமத்திலும், பூ வியாபாரிகள் கணக்குத் தீர்க்கிற நாளையும், தறிக்கூலி பட்டுவாடா ஆகிற நாளையும் விசாரித்துக்கொண்டு, அந்த மாலையில் தபால்காரரை அங்கே அனுப்பட்டும். பணம் கையில் இருக்கிற நேரம் அது ஒன்றுதான்.